பனிக்காலத்தில் சிறு கைகளுக்கு ஒரு வேலை

கோட்-டெ-நெய்ஜில் பனி கொட்டும் மாதங்களில் எமது சிறுவர்கள் அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுகிறார்கள்; வேலையால் களைத்துவரும் பெற்றோருக்குத் தொலைக்காட்சிதான் கைகொடுக்கிறது. ஆனால் 2 வயதுக்குட்பட்டோருக்கு, அம்மம்மாவுடன் காணொளியில் கதைப்பது தவிர, திரையே வேண்டாம். 2 முதல் 5 வயதினருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் போதும் என்கிறது கனடியக் குழந்தைநல மருத்துவர் சங்கம்.

அதற்குப் பதிலாக இரண்டு கோப்பை கோதுமை மா, ஒரு கோப்பை உப்பு, ஒரு கோப்பை தண்ணீர், சிறிது மஞ்சள் சேர்த்துப் பிசைவோம். 3 வயது தாண்டிய பிள்ளைகளுடன் அமர்ந்து யானை, தோணி செய்வோம். உருட்டித் தட்டும் விரல்கள் பலம்பெறும். பின்னர் பென்சில் பிடிக்கவும் உதவும்.

பச்சை மாவில் கிருமிகள் இருக்கலாம், உப்பும் அதிகம். எனவே வாயில் வைக்க விடாமல் பார்த்துக்கொள்வோம்; முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுவோம். காய்ந்தபின் வர்ணம் பூசி யன்னலோரம் வைப்போம்.