கோல் விழாத இறுதியாட்டமும் இரண்டு பகடைகளும்

மங்கலம்பேட்டையில் ஊருக்கு வெளியே ஒரு பொட்டல் உண்டு. கோடை விடுமுறையில் சுற்று வட்டாரத்துப் பையன்கள் அங்கே கால்பந்துப் போட்டி நடத்துவார்கள். சென்ற கோடையில் நடந்த இறுதியாட்டத்தில் இரு அணிகளும் ஒரு கோல்கூடப் போடவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் ஆடவும் வழியில்லை. நாணயத்தைச் சுண்டிக் கோப்பையை ஓர் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த நாள் காலையில் தோற்ற அணியின் கோல் கீப்பர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். பத்தாம் வகுப்பு மாணவன். "சார், நான் ஒரு கோலும் விடல. அப்புறம் எப்படி நாங்க தோத்தோம்?" என்று கேட்டான். நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். ஆகையால் எனக்கு விடை தெரிந்திருக்கும் என்று நம்பி வந்திருந்தான். உடனே விடை சொல்ல முடியவில்லை. அதற்குப் பதிலாகக் கோயம்புத்தூரில் நடந்த ஒரு கதையைச் சொன்னேன்.

நாட்டின் சிறந்த கால்பந்துக் கழகங்கள் மோதும் ஃபெடரேஷன் கோப்பைப் போட்டி 1977-ல் தொடங்கியது. இரண்டாவது ஆண்டான 1978-ல் போட்டி கோவையில் நடைபெற்றது. இறுதியாட்டத்துக்கு வந்தவை இரண்டும் கல்கத்தாக் கழகங்கள். ஒன்று 1889-ல் பிறந்த மோகன் பகான், மற்றது 1920-ல் பிறந்த ஈஸ்ட் பெங்கால். இந்தியக் கால்பந்தில் இவ்விரு கழகங்களுக்கும் இடையே உள்ள போட்டியைப் போல் வேறொன்றைச் சொல்வது கடினம். ஆனால் கோவையில் என்ன நடந்தது? முதல் ஆட்டம் 0-0. மீண்டும் ஆடினார்கள். அதுவும் 0-0. கடைசியில் இரு கழகங்களும் கூட்டு வெற்றியாளர்கள் என்று அறிவிக்கப்பட்டன.

தொடர்ந்து இரண்டு ஆட்டங்களில் ஒரு கோலும் விழவில்லை என்றால் அது அதிசயமா? வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1978-ல் அர்ஜென்டினாவில் நடந்த உலகக் கோப்பையில் 38 ஆட்டங்களில் 102 கோல்கள் விழுந்தன. சராசரி 2.68. 2022-ல் கத்தாரில் 64 ஆட்டங்களில் 172 கோல்கள். சராசரி 2.69! இடையில் 44 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. பந்து மாறியது, காலணி மாறியது, ஆடும் முறை மாறியது. ஓர் ஆட்டத்துக்கு இரண்டரை கோலுக்குச் சற்று மேல் என்ற அளவு மட்டும் அப்படியே நிற்கிறது. (நடுவிலுள்ள எல்லா உலகக் கோப்பைகளும் இப்படி ஒத்துப்போகும் என்று எண்ணிவிட வேண்டாம், ஏற்ற இறக்கம் உண்டு.)

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று சராசரியை 2.5 என்று வைத்துக்கொள்வோம். ஆட்டம் 90 நிமிடம். ஆகவே ஒரு நிமிடத்தில் கோல் விழுவதற்கான நிகழ்தகவு 2.5/90, அதாவது 1/36. இந்த எண்ணை எங்கோ பார்த்தது போல் இருக்கிறதல்லவா? இரண்டு பகடைகளைச் சேர்த்து உருட்டினால் இரண்டிலும் ஆறு விழுவதற்கான நிகழ்தகவும் இதேதான்! ஆக, இரண்டு பகடைகளை 90 முறை உருட்டினால் ஒரு கால்பந்து ஆட்டம் ஆடியதாகக் கொள்ளலாம். இரட்டை ஆறு விழுந்தால் கோல்.

பகடையைக் கடையில் வாங்குங்கள். விருத்தாசலம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் களிமண்ணில் தாங்களே செய்து சூளையில் சுட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்கும் என்று சொல்ல முடியாது. கோணிய பகடை ஒரு பக்கமாகவே விழப் பார்க்கும்.

ஒரு நிமிடத்தில் கோல் விழாமலிருக்க நிகழ்தகவு 35/36. ஆட்டம் முழுவதும் விழாமலிருக்க இந்தப் பின்னத்தை 90 முறை பெருக்க வேண்டும். மடக்கை அட்டவணையை எடுத்துப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 0.079 வரும். நூறு ஆட்டங்களில் எட்டு. அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள் இப்படி அமைய 0.079-ஐ அதனாலேயே பெருக்கினால் 0.0063, அதாவது 160-ல் ஒன்று. இது அரிய நிகழ்ச்சிதான்.

ஆனால் இறுதியாட்டம் மற்ற ஆட்டங்களைப் போன்றதன்று. கோல் போடும் ஆசையைவிட வாங்கிவிடக் கூடாதே என்ற அச்சம் மிகுந்திருக்கும். எதிர்பார்க்கும் கோல்களை 1.5 என்று குறைத்துக்கொள்ளுங்கள். இப்போது 59/60-ஐ 90 முறை பெருக்க வேண்டும். விடை 0.22. இரண்டு ஆட்டங்களுக்கும் சேர்த்து, 20-ல் ஒன்று. கோவையில் நடந்ததில் அதிசயம் பாதி கரைந்துவிட்டது அல்லவா?

எப்போதாவது, ஒன்றையொன்று சாராமல் நிகழும் நிகழ்ச்சிகளுக்கெல்லாம் இந்தக் கணக்கு பொருந்தும். இதை வகுத்தவர் பிரெஞ்சுக் கணித மேதை புவாசோன். அவர் காலத்துக்குப் பின் 1898-ல் போர்ட்கீவிச் என்ற புள்ளியியலறிஞர் இதை ஒரு விசித்திரமான இடத்தில் சோதித்தார். பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கு அது! 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள், ஆக 200 பதிவுகள். இறந்தோர் 122 பேர். ஒருவரும் இறக்காத பதிவுகள் எத்தனை இருக்க வேண்டும் என்று கணக்கிட்டால் 108.7 வருகிறது. உண்மையில் இருந்தவை 109. குதிரையின் உதைக்கும் பந்தின் உதைக்கும் ஒரே சூத்திரம்!

பகடைக்குக் களைப்பு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டக்காரர்களுக்கு உண்டு. அதனால்தான் முற்பாதியைவிடப் பிற்பாதியில் கோல்கள் சற்று அதிகம் விழுகின்றன. நம் கணக்கு ஆட்டத்தின் நிழலே தவிர ஆட்டம் அன்று.

கோல் கீப்பர் பையனை உண்மையில் திடுக்கிட வைத்தது அடுத்த கணக்குத்தான். 'அ' அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 1.5 கோல் போடும், 'ஆ' அணி 1 கோல்தான் போடும் என்று கொள்வோம். 'அ' ஒன்றரை மடங்கு வலிமையுள்ளது. ஆயினும் 100 ஆட்டங்களில் அது வெல்வது ஏறக்குறைய 49 மட்டுமே. 26 சமநிலையில் முடியும். 25 ஆட்டங்களில் தோற்றே போகும்! அதே ஒன்றரை மடங்கு வலிமையை நம் ஊர்க் கபடிக்குக் கொண்டுவாருங்கள். 30 புள்ளிக்கு 20 புள்ளி என்று வையுங்கள். இதே முறையில் கணக்கிட்டால் வலிய அணி தோற்பது நூற்றில் ஏழு முறைதான். புள்ளிகள் பெருகப் பெருகத் தற்செயலின் கை தளர்கிறது. கோல்கள் அரிதாக விழுவதால் கால்பந்தில் அதன் கை ஓங்கியே இருக்கிறது. எளிய அணிகளும் நம்பிக்கையோடு மைதானத்தில் இறங்குவது இதனால்தான் என்பது என் எண்ணம்.

சமநிலையை எப்படித்தான் தீர்ப்பது? நாணயம் சுண்டுவது மங்கலம்பேட்டையில் மட்டும் நடந்ததன்று. 1968-ல் ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் 0-0 என்று முடித்தபோது நாணயம்தான் இத்தாலியை இறுதியாட்டத்துக்கு அனுப்பியது. 1970-ல் பெனால்ட்டி உதைகளால் தீர்க்கும் முறை கால்பந்து விதிகளில் இடம்பெற்றது. இதிலாவது திறமைக்கு வேலை உண்டா? உதைப்பவனுக்கு உண்டு. கீப்பரின் நிலையைப் பாருங்கள். பந்து வைக்கும் இடம் கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் உதைத்தால், வினாடிக்கு 25 மீட்டர். பந்து வந்து சேர 0.44 வினாடி. கண்ணால் கண்டு உடல் அசையவே 0.2 வினாடி போய்விடும். மிச்சமிருக்கும் கால் வினாடிக்குள் நடுவிலிருந்து 3.66 மீட்டர் தொலைவிலுள்ள கம்பம் வரை பாய வேண்டும். முடிகிற காரியமா? ஆகவே உதைக்கும் முன்பே ஒரு பக்கத்தை ஊகித்துப் பாய்கிறார்கள். நான்கு உதைகளில் ஏறத்தாழ மூன்று கோலாகின்றன. கோவையில் செய்தது போல் கோப்பையைப் பகிர்ந்துகொள்வதே நேர்மை என்று நான் சொன்னேன். "அப்படின்னா யாருக்குமே சந்தோஷம் இருக்காது சார்" என்றான் பையன். அவன் சொன்னதும் சரியாகத்தான் பட்டது.

பிறகு அவனிடம் மூன்று பகடைகளைக் கொடுத்தேன். இரண்டை உருட்ட வேண்டும். இரட்டை ஆறு விழுந்தால் மூன்றாவதை உருட்ட வேண்டும். அதில் 1, 2, 3 வந்தால் கோல் 'அ' அணிக்கு. 4, 5 வந்தால் 'ஆ' அணிக்கு. 6 வந்தால் மறுபடி உருட்டல். மேலே சொன்ன 1.5-க்கு 1 என்ற கணக்கு இதில் அப்படியே அமைந்துவிடும். இருபது ஆட்டங்கள் ஆடினால் 'அ' அணி பத்திலும் 'ஆ' அணி ஐந்திலும் வெல்லும், ஐந்து சமனாகும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் பகடை நம் சொற்படி நடக்க வேண்டும் என்பதில்லை. இருபது ஆட்டத்துக்கு 1,800 உருட்டல்கள். பையன் தன் தங்கையையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டான். தங்கைக்கு 'அ' அணியைக் கொடுத்துவிட்டு, 'ஆ' அணியைத் தனக்கென்று வைத்துக்கொண்டான்.