யானைச்சுவடியின் நான்கு சிறுபூக்கள்

தரையோடு ஒட்டிப் படிந்த சொரசொரப்பான இலைகளும் ஊதா நிறப் பூவும் உடைய ஒரு காட்டுச் செடியின் படத்தை அனுப்பி, புற்றுநோயைத் தீர்க்கும் யானைச்சுவடி இதுதானா என்று வாசகர் ஒருவர் வினவியிருக்கிறார். நோயைப் பற்றி முதலில் கூறிவிடுகிறேன். இச்செடியினின்று பிரித்தெடுக்கப்பட்ட டிஆக்ஸிஎலிஃபன்டோபின் என்னும் பொருள், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த புற்று உயிரணுக்களின் பெருக்கத்தைத் தடுத்தது உண்மையே; ஆயினும் கண்ணாடிப் பாத்திரத்தில் நிகழ்ந்ததை மனித சரீரத்துக்கு ஏற்ற சிகிச்சையாகப் பிரசாரம் செய்வது, நோயாளிக்கு எஞ்சியுள்ள காலத்தை அபகரிக்கும் கொடுமையாகும்.

இனிச் செடிக்கு வருவோம். தரையில் வட்டமாய்ப் படியும் இலைகள் வேறு பல செடிகளுக்கும் உண்டாதலால், அவற்றை மட்டும் பார்த்து நிர்ணயம் செய்தல் ஆகாது. பூவைத்தான் கேட்க வேண்டும். சூரியகாந்திக் குடும்பத்துக்குரிய பூங்கூட்டத்தையே மறுபடியும் கூட்டமாக்கி வைத்திருப்பதில் இருக்கிறது இதன் விசித்திரம். மதில் ஒன்றுக்குள் நெருங்கிக் கட்டிய பல வீடுகளை எண்ணிப் பாருங்கள்: இலை போன்ற மூன்று செதில்கள் அந்த மதில், உள்ளே ஒவ்வொரு வீட்டுக்கும் எட்டுச் செதில்களாலான தனிச் சுவர், வீட்டுக்கு நான்கே சிறுபூக்கள் என்னும் சகோதரர்கள், அவர்களும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி, வீதியை நோக்கியே நின்று, விருந்தினரை அழைக்கிறார்கள், பாகம் பிரிக்கும் வழக்கு இல்லை, ஆளுக்கொரு விதை என்பதே ஏற்பாடு. ஒவ்வொரு சிறுபூவின் குழலும் ஒரு பக்கம் மட்டும் ஆழமாகப் பிளந்து, தன் ஐந்து மடல்களையும் வெளிப்புறமாகவே சாய்த்து விரிப்பதால், நால்வரின் இருபது மடல்களும் சேர்ந்து ஒற்றைப் பூவின் இதழ்களைப் போலத் தோற்றமளிக்கின்றன. சூரியகாந்தி தன் விளிம்பில் தனியே நாக்குப்பூக்களை அமைத்துப் பெறும் அலங்காரத்தை, இச்சிறு செடி குழற்பூக்களின் கோணலைக் கொண்டே சாதித்துவிடுகிறது! இதைக் கண்ட பிறகு வேறு அற்புதம் எதையும் இதன்மேல் ஏற்ற மனம் வருவதில்லை.

வரலாறு வேண்டுவோருக்கு: 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு பாகங்களாக வெளிவந்த வான் ரீடின் ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ என்னும் நூலில் இது இடம்பெற்றது, 1753-இல் லின்னேயஸ் இதற்கு எலிஃபன்டோபஸ் ஸ்கேபர் என்று சாஸ்திரப் பெயரிட்டார்.

ஆகவே வாசகர் செடியைப் பிடுங்க வேண்டுவதில்லை. ஒரு பூங்கொத்தைப் பிரித்து, வீடு என்று மேலே சொன்ன சிறு தலை ஒவ்வொன்றிலும் நான்கு பூக்கள் உள்ளனவா என்று எண்ணட்டும். அமெரிக்காவிலிருந்து பல வெப்ப நாடுகளுக்குப் பரவிவிட்ட உறவுச்செடியான சூடெலிஃபன்டோபஸிலும் தலைக்கு நான்கு பூக்களே உண்டு. ஆனால் அதன் தலைகள் கதிர்போல் தண்டின் நெடுகிலும் அமைந்திருக்கும், விதையின் உச்சியிலுள்ள மயிர்களில் இரண்டு நுனியில் மடங்கியிருக்கும். யானைச்சுவடியின் விதைமயிர்கள், பெரும்பாலும் ஐந்து, அனைத்தும் நேராகவே நிற்கும். இந்த வேறுபாட்டைக் காண ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி போதும்.