மருந்துக்கு அஞ்சாத கிருமி

கோலாலம்பூரிலிருந்து கோலசிலாங்கூர் செல்லும் சாலையில் உள்ளது சுங்கை பூலோ. 1930ஆம் ஆண்டில் அங்கே தொழுநோயாளர் குடியிருப்பு அமைந்தது. தொழுநோய்க் கிருமி மருந்தையும் எதிர்த்து நிற்கும் என்பது முதன்முதலாக மெய்ப்பிக்கப்பட்டது இங்கிருந்த நோயாளர் வழியேதான். வடசிலாங்கூர்த் தோட்டத் தமிழருள் இதனை அறிந்தோர் மிகச் சிலரே.

டாப்சோன் மருந்தை ஆண்டுக்கணக்கில் உண்டும் சிலருக்கு நோய் மீண்டது. ஒழுங்காக உண்ணவில்லை என்று அவர்களைப் பழிப்பது எளிது. உண்மையைச் சோதிக்கவோ வழியில்லை. இக்கிருமி கண்ணாடிக் குழாயில் வளராது. 1960இல் அமெரிக்க அறிஞர் ஷெப்பர்டு அதனைச் சுண்டெலியின் பாதத்தில் வளர்த்துக் காட்டினார். பின்னர், சுங்கை பூலோவில் மருத்துவர் பெட்டிட் நோயாளரிடம் எடுத்த கிருமிகளை, இலண்டனில் ரீஸ் என்பார் எலிகளுக்கு ஏற்றி, இரையில் டாப்சோனைக் கலந்தளித்தார். கிருமிகள் வளர்ந்தன! காரணம் கிருமியிடத்தே என்பது 1964இல் உறுதியாயிற்று.

கோடிக்கணக்கான கிருமிகளுள் மருந்துக்கு அஞ்சாதன சில இருக்கும். ஒரே மருந்து மற்றவற்றை அழிக்க, இவை பெருகும். எனவேதான் 1981இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் குழு கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. டாப்சோனுடன் சேர்ந்த ரிபாம்பிசின், கிளோபாசிமின் இரண்டும் சுங்கை பூலோவிலும் சோதிக்கப்பட்டவையே.

கோழித் தீவனத்தில் கலந்த கொலிஸ்டினும் இவ்வாறே வலிய கிருமிகளைப் பெருக்கும். எரு வழியே அவை மண்ணையும் நீரையும் சேரும். பிற மருந்துகள் தோற்றபின் மனிதருக்குக் கைகொடுக்கும் கடைசி மருந்துகளுள் ஒன்று அது. ஆகவே மலேசியா 2019இல் அதனைத் தீவனத்திலிருந்து விலக்கியது.