பெர்லினில் ஒரு புல்வேளூர் விருந்து

மயிலாப்பூரில் பிறந்து, தெற்கு மாடவீதியில் காய்கறி வாங்கியே தலை நரைத்துப்போன என்னைப் போன்ற ஒருவன், மகள் உத்தியோகம் பார்க்கும் பெர்லின் நகரத்தில் எட்டு மாதம் தங்க நேர்ந்தபோது, குளிரைக் காட்டிலும் என்னை அதிகமாக வாட்டியது இராத்திரி ஆகாரந்தான். பகலில் ஒரு வேளை சூடாக உண்டு, மாலையில் ரொட்டியும் பாற்கட்டியுமாகப் போஜனத்தை முடித்துக்கொள்வது ஜெர்மானியரின் சம்பிரதாயம். ரசத்துக்கும் மோருக்கும் பழகிய உடம்பு அதற்கு இணங்க மறுத்தது. இதைக் கண்ட என் மகள், “அப்பா, இன்றைக்குத் துருக்கிக்காரர் கடைக்குப் போவோம், வாருங்கள்” என்று குரோய்ட்ஸ்பெர்க் பகுதிக்கு அழைத்துச் சென்றாள்.

அவள் அந்தக் கடையை அறிந்ததற்கும் ஒரு பூர்வ கதை உண்டு. அடையாற்றை அடுத்த வனப்பகுதியில், மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் படித்துவிட்டு, மேற்படிப்புக்காக அந்நாட்டுக்குச் செல்லும் நம் பிள்ளைகளில் மாமிசம் உண்ணாதவர்கள், தட்டுத்தடுமாறிக் கடைசியில் வந்து சேரும் இடங்களில் துருக்கியர் கடையும் ஒன்று. அந்தக் கழகம் தோன்றி இரண்டே ஆண்டுகளில், 1961 அக்டோபர் 30-ஆம் தேதி, மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் செய்துகொண்ட தொழிலாளர் ஒப்பந்தத்தின்படி, அனட்டோலியாவின் கிராமங்களையும் நகரங்களையும் விட்டுப் புறப்பட்டுவந்து ஆலைகளில் உழைத்த ஜனங்கள், தங்கள் பசிக்காகத் தங்களோடு கொண்டுவந்த சமையலே இன்று நம் பிள்ளைகளையும் போஷிக்கிறது. இன்றும் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் மைபாஹூஃபர் கால்வாய்க்கரையில் கூடும் துருக்கியர் சந்தையில் கொண்டைக்கடலையும் கொத்துமல்லியும் கத்தரிக்காயும் குவிந்திருப்பதைக் கண்டபோது, எனக்கு மாடவீதியே கண்ணெதிரே வந்தது.

நாங்கள் சென்றது ‘லொகாந்தா’ என்று அவர்கள் வழங்கும் எளிய உணவு விடுதி. சமைத்த பதார்த்தங்களைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வரிசையாக வைத்திருப்பார்கள். பாஷை தெரியாதவனும் விரலால் சுட்டி வேண்டியதைப் பெறலாம். ரொட்டி கேளாமலே வரும். முதலில் வந்தது ‘மெர்ஜிமெக்’ என்னும் பருப்புச் சாறு. மைசூர்ப் பருப்பை வெங்காயத்தோடு குழைய வேகவைத்துக் கடைந்து, உருக்கிய வெண்ணெயில் மிளகாய்ப் பொடியையும் உலர்ந்த புதினாவையும் பொரித்து அதன்மேல் ஊற்றி, எலுமிச்சைத் துண்டு ஒன்றையும் உடன் வைத்தார்கள். பதார்த்தம் வெந்து முடிந்த பிறகு கொழுப்பில் வாசனையை எழுப்பி மேலே கொட்டும் தாளிதம் நம் பாரத தேசத்துக்கே உரியதென்று அறுபது வருஷமாக எண்ணியிருந்தவன் நான். சில விடுதிகளில் இறைச்சி வெந்த நீரில் இச்சாற்றைக் காய்ச்சுவதுண்டாகையால், சைவ உணவினர் முன்னமே கேட்டுக்கொள்வது நலம்.

அடுத்து ‘புல்குர்’. முழுக் கோதுமையை அவித்து, வெயிலில் உலர்த்தி, உடைத்து வைத்துக்கொள்ளும் தானியம் அது. தஞ்சைச் சீமையில் நெல்லைப் புழுக்கிக் காயவைத்துக் குற்றிய நம் பாட்டிமார் பார்த்தால், இது புழுங்கல் கோதுமை என்று உடனே சொல்லிவிடுவார்கள். துருக்கியர் சமையலில் நம் ஊர் முன்னமே அறிந்த ஒன்றும் உண்டு. தியாகராய நகரிலும் அடையாற்றிலும் சாயங்காலங்களில் செங்குத்தான கம்பியில் சுழன்று வேகும் ஷவர்மா, ‘திருப்புதல்’ என்னும் பொருளுடைய துருக்கிச் சொல் அரபு நாவில் திரிந்து வந்த பெயர். இறைச்சியைச் செங்குத்தான கம்பியில் சுழற்றி வாட்டும் வித்தை துருக்கியருடையதே. அதன் ருசியைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் துருக்கியர் சமையல் என்றால் அந்தக் கம்பி ஒன்றுதான் என்று நம் ஊரில் நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனெனில் அந்தச் சமையலின் ஜீவன் கத்தரிக்காயில் இருக்கிறது.

கத்தரிக்காய்க்கு அவர்கள் ‘பட்லிஜான்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாரசீகத்தின் வழியாக அங்கே போன அந்தச் சொல், வடமொழியில் ‘வாதிங்கண’ என்றிருந்து, அதற்கும் மூலம் ‘வழுதுணை’ போன்ற திராவிடச் சொல்லாக இருக்கலாம் என்பது மொழிநூலார் சிலருடைய கருத்து. காயும் நம் பக்கத்திலிருந்து மேற்கே போனதுதான். வெங்காயமும் பூண்டும் தக்காளியும் அடைத்து ஒலிவ எண்ணெயில் பதமாக வேகவைப்பது ‘இமாம் பாயில்டி’. இமாம் மயங்கி விழுந்தார் என்பது அதன் பொருள். ருசியில் மயங்கினார் என்பாரும், செலவான எண்ணெயின் கணக்கைக் கேட்டு மயங்கினார் என்பாரும் உண்டு. நம் எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று அதைச் சொல்வேன். ஆனால் என்னை நெகிழ வைத்தது மற்றொன்று: தணலில் தோல் கருகச் சுட்டு, தோலை உரித்து, மசித்து, தயிரும் பூண்டும் சேர்த்த கத்தரிக்காய். கொத்சுக்காக என் தாயார் கும்மட்டி அடுப்பில் சுட்ட காயின் புகைமணம் அப்படியே அதில் இருந்தது.

பக்கத்தில் ஒரு செப்புக் குவளையில் ‘ஐரான்’ நுரைத்துக்கொண்டிருந்தது. தயிரும் நீரும் உப்பும் அடித்துக் கலந்த மோர் அது. பெருங்காயமும் கறிவேப்பிலையும் மட்டுமே குறை. உடைத்த தானியத்தின் சோறு, சுட்ட கத்தரிக்காய், புளித்த மோர் ஆகிய மூன்றும் ஒரே மேஜையில் சேர்ந்திருப்பதைக் கண்டதும், புல்வேளூரில் பூதன் என்பவன் ஔவையாருக்கு வரகரிசிச் சோறும் வழுதுணங்காயும் மோரும் இட்ட கதை என் நினைவுக்கு வந்தது. அந்த எளிய விருந்துக்கு உலகம் முழுவதும் ஈடு என்று அவர் பாடிவிட்டுப் போனதைச் சிறுவயதில் மனப்பாடம் செய்தேன். அதன் பொருள் நாவுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

பிறகு வந்த பக்லாவாவைப் பற்றி, காசியான்தெப் நகரத்தின் பிஸ்தா சேர்ந்த அந்தப் பண்டத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் புவிசார் குறியீடு அளித்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வடிகட்டாமல் மண்டியோடு தரும் அவர்களுடைய காப்பியும் உயர்ந்ததே. ஆயினும் டவரா டம்ளரில் ஆற்றிக் குடிக்கும் டிகாக்ஷனின் இடத்தை அதற்குக் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை.

சமைத்தவரிடம் ‘எலினிஸே சாலிக்’, உங்கள் கைகளுக்கு ஆரோக்கியம் உண்டாகட்டும், என்று சொல்வது அவர்கள் மரபு. மகள் சொல்லிக் கொடுத்தபடி நானும் சொன்னேன். சமையற்கட்டிலிருந்து வந்த அந்த வயோதிக அம்மாளுக்கு என் உச்சரிப்பு ஆனந்தத்தைக் கொடுத்திருக்க வேண்டும். அருகே வந்து நின்றார். ஔவையார் கதையை நான் தமிழில் சொல்ல, மகள் ஜெர்மன் பாஷையில் எடுத்துச் சொன்னாள்.

“அந்தப் பாட்டி சாப்பாட்டுக்கு என்ன கொடுத்தாராம்?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

“ஒரு பாட்டு” என்றாள் மகள்.

அவர் தலையை அசைத்தபடி உள்ளே போய், இன்னொரு கரண்டி கத்தரிக்காயைக் கொண்டுவந்து என் தட்டில் இட்டார்.