கண்டி வாவியில் ஒரு காலைப்பொழுது

கண்டி மாநகருக்கு வருவோர் தலதா மாளிகையைக் காண்பர். வாவிக் கரையில் நின்று படம் எடுப்பர். பேராதனைப் பூங்காவைச் சுற்றிப் பார்த்து வீடு திரும்புவர். அவ்வாவியிலும் அதனைச் சூழ்ந்த மரங்களிலும் வாழும் பறவைக் குடிகளைப் பற்றி விசாரிப்போர் மிகச் சிலரே. இக்குறையைத் தீர்த்துக்கொள்ளும் எண்ணத்துடன், தை மாதத்து ஞாயிறு ஒன்றில், மாணவரும் பெற்றோரும் ஆசிரியருமாகப் பன்னிருவர் பொழுது புலருமுன் வாவிக் கரையிற் கூடினோம். மூன்று தொலைநோக்கிக் கண்ணாடிகள், ஒரு பறவை நூல், ஆளுக்கொரு குறிப்புப் புத்தகம் ஆகியவையே எங்கள் கருவிகள்.

இவ்வாவி இயற்கை தந்ததன்று. கண்டியின் கடைசி அரசனாகிய ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன், 1815இல் முடியிழப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னர், வயலாய்க் கிடந்த தாழ்நிலத்தில் அணைகட்டி நீரைத் தேக்கினான். மனிதர் ஆக்கிய நீர்நிலையை ஈரநிலம் எனக் கொள்ளலாமோ என்று மாணவன் ஒருவன் வினவினான். கொள்ளலாம். 1971இல் ஈரான் தேசத்து ராம்சார் நகரிற் கைச்சாத்தாகி, 1990இல் இலங்கையும் சேர்ந்துகொண்ட உடன்படிக்கை, இயற்கையானவை, செயற்கையானவை என்ற பேதமின்றி இரண்டையும் ஈரநிலம் என்றே கொள்கிறது. பறவைக்கு வேண்டுவன மீனும் மரமும் அமைதியுமே. குளத்தை வெட்டியவர் யாரென அது கேட்பதில்லை.

பனி விலகியதும் முதலிற் கண்ணிற் பட்டவை நீர்க்காகங்கள். அவை சிறகை விரித்து வெயில் காய்வதைப் பலரும் கண்டிருப்பர். காரணம் அறிந்தவர் சிலரே. நீர்க்காகத்தின் இறகு எளிதில் நனைவது. அதனால் உடல் மிதப்புக் குறைந்து, நீருள் மூழ்கி மீனைத் துரத்துதல் இலகுவாகிறது. கரையேறியபின் சிறகை உலர்த்துதலும் அவசியமாகிறது. கொக்குகள் இரைதேடப் புறப்பட்ட அதே வேளையில், இரவெல்லாம் வேட்டையாடிய இராக்கொக்கு ஒன்று உறங்குவதற்காக மரக்கிளைக்குத் திரும்பியது.

எங்களுள் இளையவன் தன் புத்தகத்தில், “மண்ணிறச் சிறு குருவி, ஒன்று” என்று எழுதிவிட்டு அப்பாற் செல்ல முற்பட்டான். ஆசிரியர் அவனை நிறுத்தி, “தம்பி, அதன் வாலைக் கவனி” என்றார். நீரோரம் நடந்த அச்சிறு பறவை, அடிக்கொருதரம் பின்னுடலை மேலும் கீழும் அசைத்தது. அது உள்ளான் இனத்தது. ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் ஆற்றோரங்களிற் குஞ்சு பொரித்து, அங்கு குளிர்காலம் வருமுன் ஆயிரக்கணக்கான மைல் பறந்து இங்கு வருவது. சிறுவன் தான் எழுதியதை அடித்துவிட்டு, அரை மணி நேரம் அதனையே பார்த்திருந்தான்.

பாதையோர மரங்களின் கீழ் வந்தபோது எங்களுள்ளேயே வாதம் மூண்டது. எச்சம் விழுந்த குடையைக் காட்டி, “இக்கிளைகளை வெட்டிவிட்டால் என்ன?” என்றார் ஓர் அம்மையார். அவருடைய மனக்குறை நியாயமானதே. நாள்தோறும் அவ்வழி நடப்போர் படும் தொல்லை சிறிதன்று. ஆயினும் கூடிருக்கும் கிளையை வெட்டினாற் குஞ்சுகள் மடியும். தங்குமிடம் இழந்த பறவைகளோ அடுத்த வீதி மரங்களுக்கு மாறும். பாதையை அடிக்கடி கழுவுவதே மேல் என்று முடிவாயிற்று. அம்மையாரும் அரைமனதாக இசைந்தார்.

எச்சத்தினும் பெரிய கேடு நகரின் கழிவுநீர் ஆகும். 1999இல் இவ்வாவியில் நீலப்பச்சைப் பாசி பெருகி நீரைக் கெடுத்தது. கழிவோடு வரும் நைதரசனும் பொசுபரசும் இத்தகைய பாசிக்கு உரமாகின்றன. வாவியினின்று வெளியேறும் நீர் மெத எல வழியே மகாவலி கங்கையை அடைவதால், இது கண்டி மக்களின் கவலை மட்டுமன்று. மீனுண்ணும் பறவைகளின் தொகையிலிருந்தும் நீரின் நலத்தை ஓரளவு அறியலாம். 1987 முதல் ஆண்டுதோறும் சனவரியில் ஆசிய நாடுகள் பலவற்றில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருவதன் பயன்களுள் இதுவும் ஒன்று. ஓராண்டுக் கணக்கு அதிகம் சொல்லாது. பல ஆண்டுக் கணக்கோ பொய் சொல்லாது.

வெயில் ஏறியதும், மாளிகைக்குப் பின்னுள்ள உடவத்தைக் காட்டினுள் நுழைந்தோம். 1938 முதல் சரணாலயமாக விளங்கும் இவ்வனத்தில், அட்டைகளுக்குச் சிறிது இரத்த தானம் செய்த பின்னரே, சருகினூடே தத்திய ஆறுமணிக் குருவியின் தரிசனம் கிட்டியது. இந்தியாவினின்று மாரியைக் கழிக்க வரும் அப்பல்வண்ண விருந்தாளியைக் கண்ட மகிழ்ச்சியில் அட்டைக்கடியை அனைவரும் மறந்தோம்.

மாணவர்களே! இதற்காகக் கண்டிக்கு வரவேண்டுமென்பதில்லை. உங்கள் ஊர்க் குளத்துக்கு ஒரு புத்தகமும் பென்சிலுமாக, மாதம் ஒரு முறை ஒரே நேரத்திற் செல்லுங்கள். கண்டதை எண்ணித் திகதியிட்டு எழுதுங்கள். அக்குளத்தை மண்ணிட்டு நிரப்பவோ அதிற் குப்பை கொட்டவோ எவரேனும் முற்படும் நாளில், அங்கு வாழும் உயிர்களுக்குச் சாட்சி சொல்ல உங்கள் குறிப்புப் புத்தகம் உதவும்.