வேதனம்: பதவிக்குரிய கொடுப்பனவைக் குறிக்கும் சொல்லும் பயன்பாடும்

மாணவர்களே, க.பொ.த. சாதாரண தரத் தமிழ்ப் பாடத்திலும், வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும் பாடத்திலும், குடியியற் கல்வியிலும் நீங்கள் சந்திக்கும் சொல் வேதனம். பொருள் தெரிந்த சொல்தானே என்று பலர் இதைக் கடந்துவிடுவர். விடைத்தாளிலோ விண்ணப்பப் படிவத்திலோ எழுதும்போதுதான் தடுமாற்றம் தெரியவரும்.

ஒருவர் ஏதேனும் ஒரு பதவியை வகிப்பதனால் அப்பதவியின் பொருட்டு அவருக்குக் கிடைக்கும் கொடுப்பனவே வேதனம் எனப்படும். இங்கு "பதவியின் பொருட்டு" என்பதே முக்கியமானது. சித்தாண்டியில் நெற்செய்கை பண்ணும் ஒருவர் பெரும்போகத்தில் நல்ல விளைச்சல் பெற்று நெல்லை விற்கிறார். அவருக்குக் கிடைப்பது வருமானம். அதனை வேதனம் என எழுதுதல் தவறு. அவரது மகள் செங்கலடியில் ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச செயலகத்தில் முகாமைத்துவ உதவியாளராகப் பணிபுரிந்தால் அவருக்குக் கிடைப்பது வேதனம். அதுவும் அவருக்கு வருமானமே. ஆகவே வேதனம் அனைத்தும் வருமானம், வருமானம் அனைத்தும் வேதனமன்று. புலமைப்பரிசில், உதவுதொகை விண்ணப்பங்களில் "பெற்றோரின் மாதாந்த வேதனம்", "ஏனைய வருமானம்" என இரு நிரல்கள் காணப்பட்டால், விவசாயியின் பிள்ளை முதல் நிரலில் "இல்லை" என்றும் இரண்டாவதில் உரிய தொகையையும் எழுதவேண்டும். நிரல் மாறினால் வேதனத்தை உறுதிப்படுத்தும் கடிதம் கேட்டு விண்ணப்பம் திரும்பி வரலாம். முடிவுத்திகதி நெருங்கியிருந்தால் உதவுதொகை கைநழுவிப் போகவும் கூடும்.

எழுத்துப் பிழை பற்றியும் கூறவேண்டும். வேதனம் வேறு, வேதனை வேறு. இரண்டும் வடமொழியிலிருந்து வந்தவையாயினும் அங்கு அவற்றின் மூலங்கள் வெவ்வேறானவை. தமிழில் ஒரே தகரத்தால் எழுதுவதால் உறவுச் சொற்கள்போலத் தோன்றுகின்றன. வேற்றுமை உருபு ஏற்கும்போது வேறுபாடு தெளிவாகும்: வேதனம், வேதனத்தை, வேதனத்துக்கு; வேதனை, வேதனையை, வேதனைக்கு. "ஊழியர்கள் வேதனையை உயர்த்தக் கோரினர்" என்று எழுதினால் வாசிப்பவர் சிரிப்பார், புள்ளி போகும். வல்லினம் தொடரும்போது ஈற்று மகரம் கெட்டு மிகும்: வேதனப் பட்டியல், வேதனக் குறைப்பு.

இனி இச்சொல்லின் உறவினரை நோக்குவோம். கூலி என்பது நாளுக்கோ செய்து முடித்த வேலைக்கோ கொடுப்பது. சம்பளம் பேச்சிலும் எழுத்திலும் பெருவழக்கானது. சம்பா நெல்லும், அளம் எனப்படும் உப்பும் கொடுத்த காலத்தில் பிறந்த சொல் என இதனை விளக்குவாருண்டு. ஆங்கிலத்தில் சம்பளத்தைக் குறிக்கும் "சலரி" என்ற சொல்லும் உப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. ஆனால் உரோமப் போர்வீரருக்கு உப்பையே சம்பளமாக அளந்தார்கள் என்ற கதைக்கு உறுதியான சான்று இல்லை. ஊதியம் என்பது திருக்குறளில் இலாபம், பயன் என்ற பொருளில் வருகிறது. இன்று வேலைக்குரிய கொடுப்பனவையே குறிக்கிறது. பொருள் மாற்றத்துக்கு உதாரணம் கேட்கப்படின் இதனைத் தயங்காமல் எழுதலாம். படி என்பது தானியம் அளக்கும் கருவி. பின்னர் உணவுக்கும் பயணத்துக்கும் கொடுக்கும் தொகைக்கும் பெயராயிற்று. தமிழ்நாட்டில் அகவிலைப்படி எனப்படுவதையே நாம் வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு என்கிறோம்.

வேதனத்துக்கு இணையான ஆங்கிலச் சட்டச் சொல் "எமொலியுமன்ற்". இதுவும் இலத்தீன் வழி வந்ததே. தானியம் அரைத்துக் கொடுப்பதற்கு ஆலைக்காரர் பெற்ற கூலியே இதன் ஆதிப் பொருள் எனக் கருதுவர். ஆலையில் நெல் குற்றக் காத்திருந்தவர்களுக்கு இது மறக்காது.

அரச நிதியில் இச்சொல்லின் பரப்பு சற்று அகன்றது. ஆண்டுதோறும் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படும் வரவுசெலவுத் திட்ட மதிப்பீடுகளில், மீண்டுவரும் செலவினத்தின் கீழ் ஊழியர் வேதனங்கள் மூன்று கூறுகளாகக் காட்டப்படும். சம்பளமும் கூலியும் ஒன்று. மேலதிகநேர, விடுமுறைநாட் கொடுப்பனவுகள் மற்றொன்று. ஏனைய கொடுப்பனவுகள் மூன்றாவது. எனவே சம்பளம் என்பது வேதனத்தின் ஒரு பகுதியே. வேதனாதிகள் என்று பன்மையில் எழுதும் வழக்கும் உண்டு; ஆதி என்பது இங்கு "முதலியன" எனப் பொருள்படும்.

இப்பாகுபாட்டினால் யாருக்கு என்ன பயன் எனக் கேட்பீர்கள். அரச ஊழியரின் ஓய்வூதியம் அவரது சம்பளத்தை அடிப்படையாகக்கொண்டு கணிக்கப்படுவது. வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு போன்றவை மாதந்தோறும் கைக்கு வந்தாலும் அக்கணிப்பில் சேர்வதில்லை. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக்குறைந்த மாதாந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக, கட்டம் கட்டமாக உயர்த்தப்படும் என அறிவிக்கப்பட்டது. உயர்வு 15,750 ரூபா. எனினும் முன்னர் தனியாக வழங்கப்பட்ட இடைக்காலக் கொடுப்பனவும் விசேட கொடுப்பனவும் அடிப்படைச் சம்பளத்துடன் சேர்க்கப்பட்டமையால் தேறிய உயர்வு 8,250 ரூபாவாகவே அமைந்தது. மிகுதி 7,500 ரூபா புதிய பணமன்று, பெயர் மாறிய பணம். அதனால் அது வெறும் கண்துடைப்பு என்று கொள்ளவும் கூடாது. கொடுப்பனவு என்ற பெயரில் ஓய்வூதியத்துக்கு வெளியே நின்ற தொகை, சம்பளம் என்ற பெயரைப் பெற்றதும் உள்ளே வந்துவிடுகிறது.

தனியார்துறையிலும் இதுவே நிலை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி, ஊழியர் தமது உழைப்பில் குறைந்தது 8 சதவீதமும் தொழில்தருநர் 12 சதவீதமும் செலுத்தவேண்டும். வாழ்க்கைச் செலவுப்படி இங்கு உழைப்பினுள் அடங்கும். மேலதிகநேரக் கொடுப்பனவு அடங்காது. ஒரே சொல் ஒரு சட்டத்தில் உள்ளேயும் இன்னொன்றில் வெளியேயும் நிற்பதைக் கவனிக்க. கணக்கீட்டு வினாக்களில் பலர் புள்ளி இழப்பது இவ்விடத்திலேயாகும்.

குடியியற் கல்விக்குரிய பகுதி மிகச் சுவையானது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 108ஆம் உறுப்புரை, உயர்நீதிமன்ற, மேன்முறையீட்டு நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளத்தையும் ஓய்வூதிய உரித்தையும் நியமனத்தின் பின் குறைக்க இயலாது என்கிறது. தீர்ப்புப் பிடிக்காதபோது ஆட்சியாளர் வேதனத்தில் கைவைத்தால் நீதித்துறைச் சுதந்திரம் நிலைக்காது என்பதே காரணம். ஐக்கிய அமெரிக்காவின் 1787ஆம் ஆண்டு அரசியலமைப்பு மறுபக்கத்தை அடைக்கிறது: பதவி வகிப்பவர் காங்கிரசின் சம்மதமின்றி வெளிநாட்டு அரசிடமிருந்து அன்பளிப்போ வேதனமோ பதவியோ பட்டமோ பெறலாகாது. சனாதிபதி டொனால்ட் ட்ரம்பின் ஹோட்டல்களில் வெளிநாட்டு அரசுகள் செலவிட்ட பணம் இதனுள் அடங்குமா எனத் தொடுக்கப்பட்ட வழக்குகள், அவர் பதவி நீங்கியபின் 2021 சனவரியில் முடிவின்றியே தள்ளப்பட்டன. ஆகவே வேதனம் என்ற சொல்லின் எல்லை அங்கும் தீர்க்கப்படவில்லை. நமது நாட்டில் முன்னாள் சனாதிபதிகளுக்கு வாசஸ்தலம், செயலாளர் கொடுப்பனவு, போக்குவரத்து வசதி ஆகியவற்றை வழங்கிய 1986ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் 2025 செப்டெம்பரில் நீக்கப்பட்டது. அவர்களது ஓய்வூதியம் நீங்கவில்லை. ஏனெனில் அது அரசியலமைப்பின் 36ஆம் உறுப்புரையில் நிற்பது.

பதவி இருந்தும் வேதனம் இல்லாதோரும் உளர். மட்டக்களப்புக் கோயில்களின் வண்ணக்கர்கள் அத்தகையோர். பழந்தமிழில் வண்ணக்கன் என்பது நாணயங்களைச் சோதிப்பவனின் பெயர் என்பதை நினைத்தால், கோயில் வரவுசெலவைப் பார்ப்பவருக்கு இப்பெயர் பொருத்தமானதே. இத்தகைய பதவியை "கௌரவப் பதவி" அல்லது "வேதனம் பெறாப் பதவி" என எழுதுக. வயலுக்கு நீர் பாய்ச்சுவதை மேற்பார்வை செய்யும் வட்டவிதானைக்கு விவசாயிகள் அறுவடையின் பின் நெல்லாகக் கொடுப்பது வேதனமா கூலியா என்பது வகுப்பில் விவாதிக்கத்தக்கது. பணமாக இல்லாவிடினும் பதவியின் பொருட்டே கொடுக்கப்படுவதால் அதனை வேதனம் என்பதே எமது கருத்து.

பயிற்சி: கூலி, வேதனம், வேதனை, வருமானம், மதிப்பூதியம் ஆகியவற்றுள் பொருத்தமானதைத் தெரிவுசெய்து, வேண்டியவிடத்து உருபு சேர்த்து எழுதுக.

1. வேலி அடைத்த இருவருக்கும் அன்று மாலையே ........ கொடுக்கப்பட்டது.
2. கிராம உத்தியோகத்தர் தமது ........ ஒரு பகுதியை மாதந்தோறும் சேமித்தார்.
3. கச்சான் பயிரிட்டதில் தாயாருக்கு இவ்வருடம் கிடைத்த ........ குறைவு.
4. கருத்தரங்கில் ஒருநாள் விரிவுரை நிகழ்த்திய பேராசிரியருக்கு ........ வழங்கப்பட்டது.
5. பல்வலியின் ........ தாங்காது அவன் உறங்கவில்லை.

விடைகள்: 1. கூலி 2. வேதனத்தில் 3. வருமானம் 4. மதிப்பூதியம் 5. வேதனை (வேதனையை எனினும் பொருந்தும்)