டீபீயைப் பார்த்து ஏமாறாதீர்கள்!
சிறு உற்பத்தியாளரிடம் அன்டெனா வாங்குவோர் கவனத்துக்கு

கடந்த மாதம் அஸர் தொழுகைக்குப் பிறகு பேருவளையைச் சேர்ந்த ஹாஜியார் ஒருவர் என் கடைக்கு வந்தார். பலநாள் படகுகள் இரண்டுக்குச் சொந்தக்காரர். படகுகள் கரையை நெருங்கும்போது அவற்றின் பேச்சை வீட்டிலிருந்தே கேட்பதற்கென்று ஸ்கேனர் ஒன்றும், அதற்கு ஓர் அன்டெனாவும் வாங்கியிருந்தார். அன்டெனாவைக் கழற்றிக் கையோடு கொண்டு வந்திருந்தார். மூன்றரை அடி நீளமான வெள்ளைக் குழாய். அதில் ஒட்டியிருந்த தாளில் ‘9 டீபீ, 100 மைல்’ என்று அச்சிட்டிருந்தது.

“தம்பி, இதைப் பூட்டி மூன்று கிழமையாகிறது. துறைமுகத்துக்குள் நிற்கிற போட் பேசினால் கேட்கிறது. கொஞ்சம் வெளியே போனால் இரைச்சல் மட்டும்தான். அன்டெனா பழுதா, ஸ்கேனர் பழுதா?”

“யாரிடம் செய்வித்தீங்க ஹாஜியார்? பற்றுச்சீட்டு இருக்கிறதா?”

“தெரிந்த பையன்தான் தம்பி. செய்யிறதுக்கு முன்னமே முழுக் காசையும் கொடுத்துவிட்டேன். பற்றுச்சீட்டு எல்லாம் கேட்கவில்லை.”

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் சில வருடங்களுக்கு முன் இதே தவறை நானும் செய்திருக்கிறேன். சிறிய பட்டறை ஒன்றில் இருபது அன்டெனாக்களுக்கு ஓடர் கொடுத்தேன். காட்டிய மாதிரி அருமையாக இருந்தது. முழுப் பணத்தையும் வாய்ப்பேச்சில் கொடுத்தேன். வந்த சரக்கில் துருப்பிடிக்காத உருக்குக்குப் பதிலாக முலாம் பூசிய இரும்பு ஆணிகள் இருந்தன. ஒரே ஒரு பருவமழைதான். பதின்மூன்று அன்டெனாக்கள் துருவோடு திரும்பி வந்தன. வாடிக்கையாளர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தேன். பட்டறைக்காரரிடம் கேட்க என்னிடம் எழுத்தில் ஒரு வரிகூட இருக்கவில்லை. அந்த நட்டத்தில் கற்றதை இந்த வாரம் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஸ்கேனர் பற்றி

இது கடதாசியைப் படியெடுக்கும் ஸ்கேனர் அல்ல. பல அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடி, பேச்சு இருக்கும் இடத்தில் நின்று கேட்கவைக்கும் வானொலிப் பெட்டி. இதனால் கேட்க மட்டுமே முடியும், பேச முடியாது. கடல்சார் வீ.எச்.எப். தொடர்புகள் 156 முதல் 162 மெகாஹேர்ட்ஸ் வரையில் நடைபெறுகின்றன. ஆபத்து அழைப்புக்குரிய 16ஆம் அலைவரிசை 156.8 மெகாஹேர்ட்ஸ் ஆகும்.

இரண்டு விடயங்களை மறக்கக் கூடாது. ஒன்று, நம் நாட்டில் வானொலித் தொடர்பு சாதனங்கள் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் விசாரித்து, தேவையான அனுமதியைப் பெற்ற பின்னரே அன்டெனாவைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டு, பிறருடைய இரகசியங்களைத் துருவி ஆராய்வதை மார்க்கம் தடுத்திருக்கிறது. நம் படகுகளின் பாதுகாப்புக்காகக் கேட்பது வேறு, ஊரார் பேச்சை ஒட்டுக்கேட்பது வேறு.

டீபீ என்னும் வலை

அன்டெனா விற்பவர்கள் முதலில் காட்டுவது டீபீ எனப்படும் டெசிபல் கணக்கைத்தான். அன்டெனா தானாக எந்தச் சக்தியையும் உண்டாக்குவதில்லை. நாலா பக்கமும் பரவும் சக்தியை ஒரு பக்கமாகக் குவிப்பதையே இந்த எண் சொல்கிறது. மூன்று டீபீ கூடினால் இரண்டு மடங்கு என்று அர்த்தம். ஆனால் நிமிர்ந்து நிற்கும் அன்டெனாவில் அந்த மூன்றைக் கூட்டுவதற்கு, நீளத்தையும் ஏறத்தாழ இரண்டு மடங்காக்க வேண்டும். கடல்சார் அன்டெனாக்களில் 3 டீபீ எனப்படுபவை சுமார் ஒரு மீற்றர் நீளமானவை. 6 டீபீ எனப்படுபவை சுமார் இரண்டரை மீற்றர். 9 டீபீ என்றால் ஐந்து மீற்றரையும் தாண்டும். ஆகவே மூன்றரை அடிக் குழாயில் 9 டீபீ என்று எழுதியிருந்தால் அது அன்டெனா அல்ல, விளம்பரம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. ஒரே அன்டெனாவை டீபீ-ஐ என்ற அளவில் சொன்னால், டீபீ-டீ என்ற அளவில் சொல்வதைவிட 2.15 கூடுதலாக வரும். எந்த அளவு என்று எழுதாமல் வெறும் டீபீ என்று போட்டிருந்தால் உற்பத்தியாளரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

படகில் பூட்டுவதானால் பெரிய எண் பாதகமாகவும் அமையலாம். அதிகம் குவிக்கும் அன்டெனாவின் வீச்சு மெல்லியது. படகு ஆடும்போது அது ஒருதரம் வானத்தையும் ஒருதரம் கடலையும் பார்க்கும். சிறிய படகுக்கு 3 டீபீ அன்டெனாவே உகந்தது.

எல்லா அலைவரிசைகளையும் கேட்க வேண்டும் என்பவர்கள் டிஸ்கோன் எனும் குடைக்கம்பி வடிவ அன்டெனாவை வாங்குவார்கள். அகன்ற வீச்சுக்கு அது நல்லது. ஆனால் கடல் அலைவரிசை மட்டும் போதும் என்பவருக்கு, அந்த அலைவரிசைக்கென்றே வெட்டிய சாதாரணக் கம்பி அன்டெனா மலிவாகவும் அதற்குக் குறையாத பலனுடனும் கிடைக்கும். 156.8 மெகாஹேர்ட்ஸுக்கு அலைநீளத்தின் காற்பங்கு சுமார் 48 சென்றிமீற்றர். வாங்கும்போது அளந்து பார்க்கலாம்.

எவ்வளவு தூரம் கேட்கும்?

வீ.எச்.எப். அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்கிறது. பூமி வளைந்திருப்பதால் அன்டெனாவின் உயரமே தூரத்தைத் தீர்மானிக்கிறது. கணக்கு இலகுவானது. உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்குங்கள். கிலோமீற்றரில் விடை வரும். கரை அன்டெனா 9 மீற்றர் உயரம் என்றால் சுமார் 12 கிலோமீற்றர். படகில் 4 மீற்றர் உயரம் என்றால் சுமார் 8 கிலோமீற்றர். இரண்டையும் கூட்டினால் 20 கிலோமீற்றர், அதாவது ஏறக்குறைய 11 கடல்மைல்.

ஹாஜியாரின் அன்டெனாவில் எழுதியிருந்த 100 மைல் தூரத்துக்குக் கேட்க வேண்டுமானால் அதை 1,300 மீற்றருக்கும் மேலே நிறுத்த வேண்டும். பேருவளையில் அப்படி ஒரு மலை இல்லை! சில காலநிலைகளில் அபூர்வமாகத் தூரத்துப் பேச்சுக் கேட்பதுண்டு. அதை நம்பித் தொழில் செய்ய முடியாது. ஆழ்கடலில் நிற்கும் படகோடு பேசுவதற்கு எச்.எப். தொகுதியே வேண்டும்.

காசைக் கேபிளில் போடுங்கள்

பலர் அன்டெனாவுக்குப் பெரும் தொகை கொடுத்துவிட்டுக் கேபிளில் மிச்சம் பிடிக்கிறார்கள். ஆர்.ஜி.58 எனும் மெல்லிய கேபிள் 30 மீற்றர் ஓடினால், இந்த அலைவரிசையில் சுமார் 6 டீபீ இழப்பு. அன்டெனா பிடித்ததில் காற்பங்குதான் பெட்டிக்கு வந்து சேரும். ஆர்.ஜி.213 எனும் தடித்த கேபிளில் பாதிக்குச் சற்று மேல் வந்து சேரும்.

கேட்பதற்கு மட்டுமான ஸ்கேனருக்கு ஒரு மலிவான வழி உண்டு. வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பாவிக்கும் ஆர்.ஜி.6 கேபிள், விலை குறைவாக இருந்தாலும் ஆர்.ஜி.58ஐ விடக் குறைந்த இழப்புக் கொண்டது. அது 75 ஓம், அன்டெனா 50 ஓம் என்பதால் ஏற்படும் நட்டம் மிகச் சொற்பம். ஆனால் படகில் உள்ள, பேசவும் கூடிய பெட்டிக்கு 50 ஓம் கேபிளையே பாவிக்க வேண்டும்.

அன்டெனாவோடு பூஸ்டரும் தருகிறோம் என்பார்கள். அருகில் எப்.எம். ஒலிபரப்புக் கோபுரம் இருந்தால் அந்தப் பலத்த அலை பூஸ்டரைத் திணறடித்து, இருப்பதையும் கெடுத்துவிடும். பூஸ்டருக்கு முன் உயரத்தையும் கேபிளையும் சரிசெய்யுங்கள்.

உப்புக்காற்றுக்குத் தாங்குமா?

கடலோரத்தில் அன்டெனாவின் எதிரி உப்பு. உருக்குக் கம்பி 316 தரமாக இருப்பது நல்லது. காந்தம் ஒட்டினால் மலிவான இரும்பு என்று சந்தேகிக்கலாம். ஆனால் ஒட்டாவிட்டால் 316 என்று முடிவுசெய்ய வேண்டாம். 304 தரமும் ஒட்டாது. பீ.எல்.259 கனெக்டர் தானாகத் தண்ணீரைத் தடுக்காது. தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இறுக்கச் சுற்ற வேண்டும். ஒருமுறை கேபிளுக்குள் உப்புநீர் இறங்கிவிட்டால் அதைக் காயவைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். கம்பத்தைப் பூமியோடு இணைப்பதும், இடிமின்னல் வருமுன் கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றுவதும் கட்டாயம்.

சிறு உற்பத்தியாளரிடம் ஏன் வாங்க வேண்டும்?

இவ்வளவு சொன்னதால் சிறியவர்களிடம் வாங்கக் கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். உங்கள் அலைவரிசைக்கு ஏற்ப வெட்டித் தருபவர் அவர்தான். சொல்டர் பிடித்த கையோடு நேரே பேசலாம். பழுதானால் ஓர் உதிரிப்பாகத்தை மாற்றித் தருவார். நம் பிள்ளைகள் சிலரே இத்தொழிலில் இறங்கியிருக்கிறார்கள். ஆனால் அவரிடம் முதல் குறைவு, அளவுக் கருவி குறைவு. மூலப்பொருள் விலை ஏறினால் மலிவானதை மாற்றிப் போட மனம் தூண்டும். ஒன்று நன்றாக அமையும், அடுத்தது அப்படி அமையாது. ஆகவே நம்பிக்கை வேண்டும், அதோடு எழுத்தும் வேண்டும்.

இஸ்திஸ்னா காட்டும் வழி

செய்வித்து வாங்கும் வியாபாரத்துக்கு இஸ்லாமிய வர்த்தகச் சட்டத்தில் இஸ்திஸ்னா என்று பெயர். ஹனபி அறிஞர்கள் இதைத் தனி ஒப்பந்தமாக ஏற்றனர். நம் நாட்டில் பெரும்பான்மையாகப் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபில், முழு விலையையும் முன்கூட்டியே கொடுக்கும் ஸலம் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளோடுதான் இது பார்க்கப்படுகிறது. 1992ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, இஸ்திஸ்னா இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் என்றும், விலையைத் தவணையாகக் கொடுக்கலாம் என்றும் தீர்மானித்தது. பொருளின் வகை, அளவு, தன்மை ஆகியன தெளிவாகச் சொல்லப்பட வேண்டும் என்பதும் நிபந்தனை. உங்கள் விடயத்தில் எது பொருத்தம் என்பதை ஆலிம் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் இப்போது ஓடர் கொடுக்கும்போது ஒரு தாளில் எழுதுபவை இவைதாம்:

1. எந்த அலைவரிசை முதல் எந்த அலைவரிசை வரை, எத்தனை ஓம்.
2. எஸ்.டபிள்யூ.ஆர். 156.8 மெகாஹேர்ட்ஸில் 1.5க்கும், முழு வீச்சில் 2க்கும் மேற்படக் கூடாது.
3. கம்பி, ஆணி, குழாய் ஒவ்வொன்றும் என்ன பொருளால் ஆனது.
4. கனெக்டரின் வகை, கேபிளின் வகை, நீளம்.
5. ஒப்படைக்கும் திகதி, சோதிக்கும் இடம்.
6. எத்தனை மாத உத்தரவாதம், பழுதானால் மாற்றுவதா திருத்துவதா.

பணத்தை மூன்றாகப் பிரிக்கிறேன். ஓடரின்போது ஒரு பங்கு, முதல் மாதிரியைச் சோதித்த பின் ஒரு பங்கு, முழுச் சரக்கையும் சோதித்த பின் மிகுதி. மாதிரியைத் திருப்பிக் கொடுப்பதில்லை. சரக்கு வரும்போது அதில் ஒன்றைக் கழற்றி மாதிரியோடு ஒப்பிடுகிறேன்.

சோதிக்கும்போது

நனோ வீ.என்.ஏ. எனும் கையடக்கக் கருவி இப்போது மலிவாகக் கிடைக்கிறது. அதனால் எஸ்.டபிள்யூ.ஆர். அளவை நிமிடத்தில் பார்க்கலாம். அளவு 1.5 என்றால் திரும்பிப் போகும் சக்தி 4 வீதம், 2 என்றால் 11 வீதம், 3 என்றால் 25 வீதம். ஆனால் நீண்ட கேபிளின் நுனியில் அளக்க விடாதீர்கள். உண்மையில் 3 உள்ள அன்டெனா, 3 டீபீ இழக்கும் கேபிள் வழியாக அளந்தால் 1.7 போலக் காட்டும். கேபிளின் குறை அன்டெனாவின் குறையை மறைத்துவிடும். அன்டெனாவின் அடியிலேயே அளக்க வேண்டும்.

அந்த அளவு மட்டும் போதாது. அன்டெனாவே இல்லாமல் 50 ஓம் தடையொன்றைப் பூட்டினாலும் 1 என்றே காட்டும். ஆகவே உங்களிடமுள்ள நல்ல அன்டெனாவையும் புதியதையும் ஒரே உயரத்தில், ஒரே கேபிளில் மாற்றி மாற்றிப் பூட்டி ஒரே பேச்சைக் கேட்டுப் பாருங்கள். காதுக்குத் தெரியும். மல்டிமீற்றரால் பார்க்கும்போது நடுக்கம்பியும் வெளிக்கூடும் தொடுத்தே காட்டினால் உடனே பழுது என்று சொல்லிவிடாதீர்கள். சில அன்டெனாக்கள் அப்படித்தான் அமைக்கப்படுகின்றன. செய்தவரிடம் கேளுங்கள்.

ஹாஜியாருக்கு என்ன நடந்தது?

அவருடைய அன்டெனாவை அளந்து பார்த்தேன். பழுது எதுவும் இல்லை. நேர்மையாக 3 டீபீ என்று எழுதி விற்றிருக்க வேண்டிய நல்ல பொருள். அதைக் கொங்கிறீட் தட்டுக்குக் கீழே, 30 மீற்றர் ஆர்.ஜி.58 கேபிளில் பூட்டியிருந்தார். கனெக்டருக்குள் பச்சை பூத்திருந்தது. கேபிளையும் கனெக்டரையும் மாற்றி, அன்டெனாவை 9 மீற்றர் கம்பத்தில் ஏற்றினோம். இப்போது படகுகள் 10 கடல்மைல் அளவில் வரும்போதே அவருக்குக் கேட்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

அந்தத் தாளை ஒட்டிய தம்பிக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கைவேலை நன்றாக இருக்கிறது. பொய்யான எண் அதற்குத் தேவையில்லை. குறையை மறைத்து விற்பதும் இல்லாத நிறைவைச் சொல்லி விற்பதும் ஒன்றுதான். 100 மைல் என்று நம்பி, எச்.எப். பெட்டி வாங்காமல் ஒருவர் கடலுக்குப் போனால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? அந்தக் குழாயில் ‘3 டீபீ, கேபிளைக் கவனியுங்கள்’ என்று எழுதுங்கள். வாங்கியவர் அடுத்த முறையும் உங்களையே தேடி வருவார், இன்ஷா அல்லாஹ்.